விண்ணுக்குப் போன வகுப்பறைக் கேள்விகள்

1979 யூலை மாதத்தை என்னோடு படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாங்கள் அப்போது எட்டாம் வகுப்பு. 'ஸ்கைலாப்' என்ற அமெரிக்க விண்கூடம் பூமியில் விழப்போகிறது, எங்கே விழும் என்று ஒருவருக்கும் தெரியாது என்று வானொலியும் பத்திரிகைகளும் சொல்லிக்கொண்டிருந்தன. கிழக்கு மாகாணத்தைச் சூறாவளி சூறையாடி எட்டு மாதம்கூட ஆகாத காலம். சனங்கள் பயந்ததில் புதுமை இல்லை. என் அம்மம்மா இரண்டு நாளாக எங்களை முற்றத்தில் நிற்க விடவில்லை. "ஓட்டைப் பிச்சுக்கொண்டு வராதோ?" என்று கேட்ட என் தம்பிக்கு அடியும் விழுந்தது. கல்லூரி மைதானத்தில் வலைப்பந்து விளையாடியவர்கள் பந்தைப் பார்த்ததைவிட வானத்தைப் பார்த்ததுதான் அதிகம். கடைசியில் அது யூலை 11 ஆம் திகதி இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாக விழுந்தது. எஸ்பரன்ஸ் என்ற ஊரின் உள்ளூராட்சிச் சபை, குப்பை கொட்டியதற்காக நாசாவுக்கு 400 டொலர் தண்டம் எழுதியதாகப் பின்னர் வாசித்துச் சிரித்தோம்.

அந்த ஸ்கைலாப்பில் ஆறு வருடங்களுக்கு முன் பாடசாலைப் பிள்ளைகளின் பரிசோதனைகள் நடந்தன என்பதை எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நாங்கள் வேறு கண்ணோடு வானத்தைப் பார்த்திருப்போம் என்று எனக்கு ஓர் எண்ணம். நூற்றாண்டு மலருக்குக் கல்லூரியின் விஞ்ஞானக் கல்வி பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, கட்டடங்களையும் பெறுபேறுகளையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள் என்று நினைத்து இந்தக் கதையைத் தெரிந்தெடுத்தேன். இதில் எனக்கு ஒரு பழைய கடனும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

1971 ஆம் ஆண்டு நாசாவும் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான ஆசிரியர் சங்கமும் சேர்ந்து ஒரு போட்டியை அறிவித்தன. உயர்நிலைப் பாடசாலை மாணவர் எவரும் ஸ்கைலாப்பில் செய்யக்கூடிய ஒரு பரிசோதனையை எழுதி அனுப்பலாம். 3,409 திட்டங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் 25 தேசிய மட்டத்தில் தேர்வாகின. தேர்வானவர்களுக்குக் கேடயம் கொடுத்து அனுப்பிவிடவில்லை. ஹன்ற்ஸ்வில் நகரிலுள்ள மார்ஷல் விண்வெளி நிலையத்துக்கு அவர்களை அழைத்துப் பொறியியலாளர்களுக்கு முன் இருத்தினார்கள். பெட்டி எவ்வளவு பெரிது, எத்தனை பாகை வெப்பம் தாங்கும், விண்வெளி வீரர் இதற்கு எத்தனை நிமிடம் செலவழிக்கவேண்டும், படம் எங்கிருந்து எடுப்பது, எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளைகள் பதில் சொல்லவேண்டியிருந்தது. 25 இல் 19 ஸ்கைலாப்பில் இடம்பெற்றன. மற்ற ஆறும் கூடத்தின் கருவிகளுக்குப் பொருந்தவில்லை. அந்த ஆறு பேரையும் வெறுங்கையோடு அனுப்பாமல், அதே துறையில் வேலை செய்த விஞ்ஞானிகளோடு சேர்த்துவிட்டார்கள். ஓர் ஆசிரியையாக எனக்கு அந்தப் போட்டியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தேர்வானவர்களில் ஒருவர் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் லெக்ஸிங்ரன் உயர்நிலைப் பாடசாலை மாணவி ஜூடித் மைல்ஸ். பதினேழு வயது. அவர் கேட்டது ஒரே கேள்வி: எடையில்லாத இடத்தில் சிலந்தி வலை பின்னுமா?

சின்னப்பிள்ளைக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வலை பின்னும் சிலந்தியை ஒரு தரம் பொறுமையாகப் பார்த்தால் கேள்வியின் ஆழம் விளங்கும். சிலந்தி ஓர் இழையை விட்டுத் தன் உடற்பாரத்தால் கீழே இறங்குகிறது. அந்த இழையில் தொங்கும்போது தன் பாரத்தை அது உணர்கிறது. எவ்வளவு தடிப்பான நூல் தேவை என்பதை அந்த உணர்வைக் கொண்டே நிதானிக்கிறது. வலை பின்னும் வேலையில் பாதி, விழுந்து விழுந்து எழும்புவதுதான். விழவே முடியாத இடத்தில் அது என்ன செய்யும்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். விண்கூடத்தில் ஈர்ப்பு இல்லை என்று நாங்கள் பேச்சுவழக்கில் சொல்கிறோம். ஸ்கைலாப் சுற்றிய உயரம் ஏறத்தாழ 435 கிலோமீற்றர். அங்கே பூமியின் ஈர்ப்பு, நிலத்தில் உள்ளதில் 85 வீதத்துக்கும் அதிகம். விண்கூடமும் அதற்குள் இருக்கும் மனிதரும் சிலந்தியும் எல்லாம் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கின்றன. பக்கவாட்டில் போகும் வேகத்தால் நிலத்தில் மோதாமல் பூமியைச் சுற்றிச் சுற்றி விழுகின்றன. எல்லாம் ஒன்றாக விழுவதால் எதற்கும் எடை தெரிவதில்லை. 1979 இல் நாங்கள் பயந்த விழுகை, அது ஏவப்பட்ட நாளிலிருந்தே நடந்துகொண்டிருந்த விழுகையின் கடைசிப் பகுதிதான்.

1973 யூலை 28 ஆம் திகதி, அலன் பீன், ஓவன் கரியட், ஜாக் லூஸ்மா மூவரும் புறப்பட்ட பயணத்தில் அரபெல்லா, அனிற்றா என்ற இரண்டு தோட்டச் சிலந்திகளும் போயின. புறப்படமுன் ஆளுக்கொரு இலையான் சாப்பாடு. சில நாட்களின் பின் கரியட் அரபெல்லாவைக் குப்பியிலிருந்து வலைச்சட்டத்துக்குள் விட முயன்றார். அது வெளியே வர மறுத்தது. குப்பியை உலுக்கியபின் வெளியே வந்து, நீந்தத் தெரியாத பிள்ளை கிணற்றில் விழுந்ததுபோலக் கால்களை அடித்துக்கொண்டு மிதந்தது. முதலில் சட்டத்தின் மூலைகளில் ஏனோதானோவென்று சில இழைகள். அடுத்த நாட்களில் ஒரு முழு வலை.

திட்டப்படி பரிசோதனை அதோடு முடிந்திருக்கலாம். கரியட்டுக்கு மனம் வரவில்லை. சிலந்திகளோடு கூடுதல் நேரம் செலவழித்தார். தண்ணீர் கொடுத்தார். தன் சாப்பாட்டிலிருந்து மாட்டிறைச்சித் துண்டும் கொடுத்தார், சிலந்தி ஏற்றுக்கொண்டது. வலையில் ஒரு பகுதியை அகற்றிவிட்டுப் பார்த்தார். மிச்சத்தை அரபெல்லா தின்றுவிட்டுச் சில நாள் சும்மா இருந்து, பிறகு முதலிலும் பார்க்கச் சீரான ஒரு வலையைப் பின்னியது. பின்னர் அனிற்றாவும் அப்படியே பழகிக்கொண்டது. பூமிக்குக் கொண்டுவந்த இழைகளை ஆராய்ந்தபோது அவை நிலத்தில் பின்னியவற்றிலும் மெல்லியவை என்றும், ஒரே இழையில் தடிப்பு இடத்துக்கிடம் மாறியிருந்தது என்றும் கண்டார்கள். தன் பாரத்தை உணரமுடியாத சிலந்திக்கு நூலின் அளவு பிடிபடவில்லை, ஆனால் வலையின் வடிவம் கைவிட்டுப் போகவில்லை. இரண்டு சிலந்திகளும் நீர்வற்றி இறந்தன. அனிற்றா விண்ணிலேயே போய்விட்டது. அரபெல்லா தரைக்கு வந்தபோது உயிரோடு இல்லை. அதை வாஷிங்ரன் நகருக்கு அருகிலுள்ள ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அரும்பொருட்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் வாழும் எங்கள் பிள்ளைகள் போனால் பார்த்துவிட்டு வரலாம்.

சிலந்திக்குக் கிடைத்த பெயரும் புகழும் அதே பயணத்தொடரில் போன நெல்லுக்குக் கிடைக்கவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்து மாணவன் ஒருவனும் கலிபோர்னியா மாணவன் ஒருவனும் தனித்தனியே அனுப்பிய இரண்டு திட்டங்களை ஒன்றாக்கி, பல அறைகள் கொண்ட ஒரு சிறு பெட்டியில், ஏகார்க் கூழில் நெல் விதைத்தார்கள். எடையில்லாத இடத்தில் முளைக்குத் திசை தெரியுமா, வெளிச்சம் மட்டும் வழிகாட்டினால் போதுமா என்பது கேள்வி. முளைத்தவை சில. அவற்றின் தண்டுகள் சீரில்லாத திசைகளில் போயின. சில வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாகவே திரும்பின. கோதுமைச் சோளத் தேசத்துப் பையன்கள் நெல்லை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று நான் யோசித்ததுண்டு. எங்கள் வயலில் கிடந்த விதை விண்ணுக்குப் போய்விட்டது, எங்களுக்குத்தான் செய்தி வரவில்லை.

இனி என் கடனைச் சொல்கிறேன்.

1992 இல் நான் இதே கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியையாக வந்தேன். குடாநாட்டில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. மண்ணெண்ணெய் யானை விலை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள், பிள்ளைகள் இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். ஆய்வுகூடத்தில் இருந்த ஸ்பிரிற்றைத் துளித்துளியாக எண்ணிப் பாவித்தோம். 1994 ஆம் ஆண்டு உயர்தர வகுப்பில் புவித்திருப்பம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பயறு முளைக்கவிட்டு, கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைத்தால் அடுத்த நாள் வேர் வளைந்து மீண்டும் கீழ்நோக்கிப் போகும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், ஸ்பிரிற்றும் வேண்டாம் என்பதால் நான் விரும்பிச் செய்யும் செயன்முறை அது. இரண்டாம் வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்:

"ரீச்சர், கீழ எண்டு ஒண்டு இல்லாத இடத்தில விதையைப் போட்டால் வேர் எங்கால போகும்?"

நான் கிளினோஸ்ராற் என்ற கருவியைப் பற்றிச் சொன்னேன். முளையைக் கிடையாக வைத்து மெதுவாகச் சுழற்றும் கருவி. எல்லாப் பக்கமும் மாறி மாறிக் கீழ்ப்பக்கமாவதால் வேருக்குக் குறித்த ஒரு திசை தெரியாமல் போகும். எங்கள் ஆய்வுகூடத்தில் அது இல்லை, புத்தகத்தில் படம் இருந்தது. படத்தைக் கீறிப் பாகங்களைக் குறித்தால் புள்ளி கிடைக்கும் என்றேன்.

அடுத்த நாள் அவள் ஒரு கொப்பித்தாளோடு வந்தாள். சாவி கொடுத்து ஓடும் மேசை மணிக்கூடு ஒன்றின் கண்ணாடியைக் கழற்றி, நிமிடமுள்ளில் தீப்பெட்டி ஒன்றை ஒட்டி, அதற்குள் ஈரப்பஞ்சும் பயறும் வைப்பதாகக் கீறியிருந்தாள். மணிக்கூடு நிமிர்ந்து நின்றால் முள் நிலைக்குத்தாகச் சுழலும். மணிக்கு ஒரு சுற்று. "விடுதியில ஒரு மணிக்கூடு கிடக்கு ரீச்சர், நீங்கள் கேட்டால் தருவினம்."

பாடத்திட்டம் பின்னுக்கு நின்றது. செல் விழுந்த நாட்களுக்கு வகுப்பு நடக்கவில்லை. விடுதியில் அந்த ஒரு மணிக்கூட்டை நம்பித்தான் எழும்புவதும் படுப்பதும். எனக்கு இருபத்தெட்டு வயது, பெறுபேறு பற்றிய பயம் வேறு. "பிள்ளை, உது சோதினைக்கு வராது. இரும்" என்றேன். அவள் தாளை நாலாக மடித்துக்கொண்டு இருந்தாள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த வகுப்பு ஒரே கூரையின் கீழ் மீண்டும் கூடவேயில்லை.

ஜூடித் மைல்ஸின் கதையை நான் முழுமையாக வாசித்தது இதற்குப் பல வருடங்களின் பின். வாசித்து முடித்ததும் என் நினைவுக்கு வந்தது சிலந்தி அல்ல, அந்த நாலாக மடித்த தாள்.

ஸ்கைலாப்புக்குப் பிறகு விண்ணோடங்களின் காலம். 1980 இலிருந்து நாசா பாடசாலை மாணவர்களுக்கென்று ஒரு திட்டத்தை நடத்தியது. 1982 மார்ச்சில் கொலம்பியாவின் மூன்றாவது பறப்பில் மினசோட்டா மாணவன் ரொட் நெல்சனின் தேனீக்களும் அந்துப்பூச்சிகளும் ஈக்களும் போயின. 1983 யூனில் சலஞ்சரில் அமெரிக்காவின் முதலாவது விண்வெளி வீராங்கனை சாலி றைட் சென்றார். எங்கள் விஞ்ஞான மன்ற அறிவித்தற் பலகையில் அவருடைய பத்திரிகைப் படத்தை ஒட்டியது நான்தான். அதே ஓடத்தில் நியூ ஜேர்சியின் கம்டன் நகரத்து உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் ஓர் எறும்புக் குடியிருப்பை அனுப்பியிருந்தார்கள் என்பது படத்தின் கீழே எழுதியிருக்கவில்லை. எறும்புகள் எல்லாம் இறந்தே திரும்பின. ஏன் இறந்தன என்று அந்தப் பிள்ளைகள் விசாரணை நடத்தி, ஈரப்பதம் போதாமல் உலர்ந்துவிட்டன என்று கண்டறிந்தார்கள். நாங்கள் ஒட்டிய படம் ஒரு மாதம் இருந்தது. பிறகு எங்கள் நாட்டின் யூலை வந்தது. அதன்பின் அந்தப் பலகையில் ஒட்டியவை வேறு அறிவித்தல்கள்.

இந்தியானா மாநிலத்தின் லஃபயெற் நகரத்து ஜோன் வெலிஞ்சரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எட்டாம் வகுப்பில் அவன் மனதில் பட்டது இது: அடைகாக்கும் கோழி முட்டைகளை அடிக்கடி புரட்டிவிடுகிறது, ஈர்ப்பினால் மஞ்சட்கரு ஒரு பக்கம் ஒட்டிவிடாதிருக்கத்தான் அந்தப் புரட்டல். அப்படியானால் எடையில்லாத இடத்தில் கரு எப்படி வளரும்? வீட்டில் கோழி வளர்த்த எவருக்கும் புரட்டல் தெரியும், ஆனால் கேள்வியாகக் கேட்டவன் அவன். முதல் முறை அனுப்பியதோடு விடாமல் திருத்தித் திருத்தி அனுப்பினான். தேர்வான பிறகு அடைகாக்கும் பெட்டி செய்யப் பண உதவி செய்தது, பொரித்த கோழி விற்கும் கென்ரக்கி நிறுவனம். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பாடமே நின்றுவிட்டது. அந்த நிறுவனம் கொடுத்த பொறியியலாளர் மார்க் டூசரும் மாணவனும் சேர்ந்து பெட்டியைச் செய்தார்கள்.

முட்டைகள் ஏற்றப்பட்ட ஓடம் சலஞ்சர். நாள் 1986 சனவரி 28. ஏவி 73 செக்கன்களில் அது சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்ரா மக்கோலிஃப், விண்ணிலிருந்து பாடம் நடத்தப் புறப்பட்ட ஆசிரியை. அன்று அந்த மாணவனும் ஏவுதலைப் பார்க்கப் போயிருந்தான்.

மூன்று வருடம் கழித்து, 1989 மார்ச்சில், டிஸ்கவரியில் 32 முட்டைகள் மறுபடியும் போயின. பதினாறு, புறப்படுவதற்கு ஒன்பது நாள் முன்பே கருக்கட்டி அடைவைத்தவை. பதினாறு, இரண்டு நாள் மட்டும். ஒன்பது நாள் முட்டைகளில் கரு உயிரோடு திரும்பிக் குஞ்சும் பொரித்தது. இரண்டு நாள் முட்டைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. நிலத்தில் மஞ்சட்கரு மிதந்து ஓட்டின் அருகே போய் நிற்கும், எடையில்லாத இடத்தில் அது நடுவிலேயே நின்றுவிடுவதால் இளங்கருவுக்குத் தேவையானது கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எட்டாம் வகுப்புக் கேள்விக்கு ஒன்பது வருடத்தின் பின் வந்த விடை. வெலிஞ்சரும் டூசரும் பிற்காலத்தில் சேர்ந்தே விண்வெளிக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றை நடத்தினார்கள்.

2003 பெப்ரவரி முதலாம் திகதியைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. கொலம்பியா பதினாறு நாள் பயணம் முடித்துத் தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கையில் சிதறியது. கல்பனா சாவ்லாவை எங்கள் மாணவிகள் தங்கள் வீட்டு அக்கா போல நினைத்திருந்தார்கள். சமாதான காலம், பாதை திறந்து பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் தாராளமாக வந்த நேரம். அவருடைய படம் இல்லாத கொப்பி உறையே இல்லை. கர்னால் நகரில் அவர் படித்த பாடசாலையிலிருந்து வருடந்தோறும் இரண்டு மாணவிகளை நாசாவின் கோடைகால விண்வெளி வகுப்புக்கு வரவழைக்க அவர் ஏற்பாடு செய்திருந்தார். பழைய மாணவி ஒருவர் தன் பாடசாலைக்குச் செய்யக்கூடியது இது என்று எங்கள் சங்கக் கூட்டங்களில் நான் சொல்லிச் சொல்லிச் சலித்திருக்கிறேன்.

அந்தக் கடைசிப் பயணத்தில் ஆறு நாடுகளின் மாணவர்களுடைய பரிசோதனைகளும் இருந்தன. சீனப் பிள்ளைகளின் பட்டுப்புழு, யப்பான் பிள்ளைகளின் மீன், இஸ்ரேல் பிள்ளைகளின் பளிங்குகள், லீக்கன்ஸ்ரைன் பிள்ளைகளின் தச்சுத் தேனீ, நியூ யோர்க் மாநிலப் பிள்ளைகளின் எறும்பு. அவுஸ்திரேலியாவிலிருந்து போனவை மீண்டும் சிலந்திகள், மெல்பேணின் க்ளென் வேவர்லி இடைநிலைக் கல்லூரி மாணவர்கள் அனுப்பிய தோட்டச் சிலந்திகள். மெல்பேணிலுள்ள எங்கள் பழைய மாணவியருக்கு க்ளென் வேவர்லி நன்கு தெரிந்த இடம், தமிழ்ச் சனம் நிறைந்த பகுதி. அந்தப் பிள்ளைகள் மெல்பேண் விலங்குக்காட்சிச்சாலையோடும் பல்கலைக்கழகம் ஒன்றோடும் சேர்ந்து தயாரித்த சிலந்திகள் விண்ணில் வலை பின்னிய படங்கள் பூமிக்கு வந்திருந்தன. சிலந்திகள் வரவில்லை. அவற்றைப் பராமரித்த ஏழு பேரும் வரவில்லை. தன் பரிசோதனையைக் கையில் வாங்கிப் போன மனிதரை இழப்பது என்பது பதினாறு வயதுப் பிள்ளைக்கு எப்படியிருக்கும் என்பதை எங்கள் தலைமுறைக்கு விளக்கவேண்டியதில்லை.

பிறகு வந்தவை பல. விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2012 இல் எகிப்தின் அலெக்சாந்திரியா மாணவன் அம்ர் மொஹமட்டின் கேள்வி, வலை பின்னாமல் பாய்ந்து இரைபிடிக்கும் சிலந்தி எடையில்லாத இடத்தில் எப்படிப் பாயும் என்பது. நெஃபர்ரீற்றி என்று பெயரிட்ட அந்தச் சிலந்தியைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் கவனித்தவர் சுனிதா வில்லியம்ஸ். அது பாய்வதை விட்டுவிட்டுப் பழ ஈக்களிடம் பக்கவாட்டில் நகர்ந்து போய்ப் பிடிக்கப் பழகியது. உயிரோடு பூமிக்குத் திரும்பியது, திரும்பியபின் மறுபடியும் பாய்ந்தது. 2016 இல் நியூ யோர்க் மாநிலத்து மாணவி அன்னா சோஃபியா போகுராயெவ் வடிவமைத்த பரிசோதனையால் விண்வெளியில் முதன்முறையாக டி.என்.ஏ. பெருக்கப்பட்டது. 2014 ஒக்ரோபரில் மாணவர்களின் 18 பரிசோதனைகளை ஏற்றிய றொக்கற் ஏவிய சில செக்கன்களிலேயே வெடித்தது. சில வாரங்களில் பிள்ளைகள் தங்கள் பரிசோதனைகளை மறுபடி தயாரித்து அடுத்த சனவரியில் அனுப்பினார்கள். 2015 யூனில் இன்னொரு றொக்கற்றும் சிதறியது. இரண்டிலும் இழந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு வந்தால், 2022 ஓகஸ்ற் 7 ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட 'ஆசாதிசற்' பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் ஏற்பாட்டில், இந்தியா முழுவதும் 75 அரச பாடசாலைகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சிறு சிறு கருவிகளுக்குக் கட்டளைநிரல் எழுதிச் சேர்த்த எட்டுக் கிலோ செய்மதி. மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம் அரசினர் பெண்கள் பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம். புதிய றொக்கற்றின் உணரிகள் ஒரு கண நேர அதிர்வைப் பழுது என்று எடுத்துக்கொண்டதால் செய்மதி பிழையான பாதையில் விடப்பட்டு அன்றே அழிந்தது. பார்க்க வந்திருந்த மாணவிகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். 2023 பெப்ரவரி 10 ஆம் திகதி 'ஆசாதிசற் 2' போய்ச் சேர்ந்தது. பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகள், பலர் ஒரு கணினியைத் தொட்டதே அந்த வேலைக்காகத்தான் இருக்கும். எங்கள் கல்லூரிக்கும் இப்போது கணினிக்கூடம் உண்டு, புலம்பெயர்ந்த கிளைகளின் உபயம். அதற்குள் என்ன கேள்வி கேட்கப்படுகிறது என்று ஒரு நாள் பின்வரிசையில் இருந்து கேட்க ஆசை.

1994 உயர்தர வகுப்பின் இரண்டாம் வரிசைப் பிள்ளைக்கு:

நீர் இப்போது எந்த நாட்டில் என்று எனக்குத் தெரியாது. இந்த மலர் எல்லா நாட்டுக் கிளைகளுக்கும் போகும் என்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். உமது கேள்விக்கு விடை இருக்கிறது. வேர்நுனியின் கலங்களுக்குள் மாப்பொருள் மணிகள் உண்டு. அவை பாரத்தால் கலத்தின் கீழ்ப்புறத்தில் படியும்போது வேருக்குக் கீழ் எது என்று தெரிகிறது. விண்ணில் அவை படிவதில்லை. அப்படியென்றால் வேர் தறிகெட்டுப் போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினர் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், விண்வெளி நிலையத்தில் வளர்ந்த செடிகளின் வேர்கள் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாகவே போயின. ஈர்ப்பில்லாமல் வராது என்று நம்பியிருந்த சாய்வும் நெளிவும்கூட அவற்றில் இருந்தன. ஆக, கீழ் என்று ஒன்று இல்லாத இடத்திலும் வேருக்குப் போக இடம் தெரிகிறது.

ஓய்வுபெற்ற பிறகு, போன வருடம், பழைய சாமான் கடையில் சாவி கொடுக்கும் மணிக்கூடு ஒன்று வாங்கினேன். உமது படம் எனக்கு நினைவிருந்தது. தீப்பெட்டி, ஈரப்பஞ்சு, மூன்று பயறு. வெளிச்சம் படாமல் அலுமாரிக்குள் வைத்தேன். பக்கத்தில் அசையாத இன்னொரு தீப்பெட்டியிலும் மூன்று பயறு. மூன்றாம் நாள் பார்த்தபோது அசையாத பெட்டியில் வேர் மூன்றும் வளைந்து கீழே போயிருந்தன. மணிக்கூட்டில் இருந்தவை வளையவில்லை, ஒவ்வொன்றும் விதை எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்ததோ அந்தப் பக்கமே நேராக நீண்டிருந்தது.

உமது வரைபடத்தில் ஒரேயொரு பிழை. தீப்பெட்டியின் பாரத்தால் முள் இறங்கும் பக்கத்தில் விரைந்தது, ஏறும் பக்கத்தில் நின்று நின்று போனது. முள்ளின் மறுநுனியில் ஐந்து சதக் குற்றி ஒன்றை ஒட்டினேன். சரியாக ஓடியது.